ஜன்னலில் வைத்த பெட்டியை இனித் தொடாதே

அடி ஆஸ்டா,

சிக்னல் பெட்டியை ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டு அங்கே கிறிஸ்துமஸுக்கு முன் ஏற்றும் அட்வென்ட் விளக்கை வைத்த புண்ணியவதியே! வானம் தெரியாவிட்டால் அது வேலை செய்யாது என்று உனக்குக் கோடி முறை சொன்னேன். மூன்று நாளாக நம் போன்கள் பிணமாகக் கிடக்கின்றன.

இப்போதுதான் பக்கத்து வீட்டு ஈவார் ஓடிவந்தான். "அக்கா, ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்குப் போன் பண்றாங்க! ஆஸ்டா முட்டிக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷனாம். அவங்க உயிரோடதான் இருக்காங்களான்னு கேக்குறாங்க!"

மதியத்துக்குள் இன்னொரு முறைதான் கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் உன் இடம் வேறொருத்திக்கு.

பெட்டியை ஜன்னலில் வைத்து ரவுட்டரில் செருகிவிட்டேன். அதில் சிவப்பு கண்சிமிட்டுகிறது. பச்சையாக ஒரு மணி நேரம் ஆகும். தட்டாதே, குலுக்காதே, திட்டக்கூடச் செய்யாதே. உன் விளக்கு கழிவறை ஜன்னலில் ஜொலிக்கிறது, போய்ப் பார்!

பச்சை வராவிட்டால் என்ன செய்வது? அதற்காக ஈவாரின் போனுக்குக் காவலாக அவன் வீட்டுக்குப் போகிறேன். அவன் போடும் காபியைக் குடிக்கும் பாவமும் உன் தலையில்தான்.

கஞ்சி அடுப்பில்.

குன்வோர்

பி.கு. விளக்குக்கு இடம் வேண்டுமென்றால் பெட்டியைத் துண்டில் சுற்றிக் கட்டிலுக்கடியில் ஒளிப்பார்களா, கழுதை? ஆபரேஷனுக்குப் பயமாக இருந்தால் சொல்லித் தொலைப்பதற்கென்ன? ஆஸ்பத்திரி கூப்பிட்டால் "சரி" என்று மட்டும் சொல். வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன்.