பின்சுவரோரத்துக் காஞ்சொறி

அன்பு மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மருமகளும் குட்டியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர எனக்கு வேறு என்ன வழி இருக்கிறது.

நீ அனுப்பிய கையுறை வந்து சேர்ந்தது. அப்பாவின் கட்டைவிரல்கூட அதற்குள் நுழையவில்லை, அவர் கை எவ்வளவு பெரிது என்பதையே மறந்துவிட்டாய், அலமாரியில் கிடக்கிறது. அவருக்கு எதற்குக் கையுறை, பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கையில் பிடி இருக்கிறதே தவிர உணர்ச்சி இல்லையே, தொட்டாலே தீயாய் எரியும் தோட்டத்துக் காஞ்சொறிச் செடியை அந்தக் கையாலேயே கொத்துக்கொத்தாகப் பிடுங்குகிறார். கடவுளே பார்த்துக் கொடுத்த கையுறைடி இது என்று சிரிப்பு வேறு. எரிச்சல் தெரியாவிட்டால் தடிக்காமல் இருக்குமா? கொப்புளம் உடைந்து சீழ் வைத்து, டாக்டர் அவரைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டார், இன்னொரு தடவை தோட்டத்தில் இறங்கினால் என்கிட்ட வராதீங்க என்று. மறுநாள் காலையில் கட்டுப்போட்ட கையோடு இறங்கிவிட்டார்.

எதற்கு இந்தப் பாடு? மூன்று வருஷத்துக்கு முன் நீங்கள் வந்தபோது குட்டியின் காலில் காஞ்சொறி பட்டு வீடே அலறியது. இந்த மாதிரி இடத்துல குழந்தையை எப்படி விடறது என்றாள் மருமகள், பத்து நாள் இருக்க வந்தவர்கள் மறுநாளே பெட்டியைக் கட்டினீர்கள். அவளை நான் குறை சொல்லமாட்டேன், பெற்றவள் பதறத்தான் செய்வாள். சொன்னது அவள், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது நீ. ஒவ்வொரு லீவுக்கும், முதல்ல தோட்டத்தைச் சுத்தம் பண்ணுங்கப்பா, அப்புறம் வரோம் என்றாய். நீ சும்மா சொன்னாய், அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஆள் வைக்கலாம் என்றால், அவங்க வேரை விட்டுட்டுத் தலையை மட்டும் வெட்டுவாங்க, என் பேத்தி காலுக்கு நான்தான் பார்க்கணும் என்கிறார்.

போன மாதம் எல்லாம் முடிந்தது, ஒரு இலை பாக்கியில்லை. உனக்குப் போட்டோ அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். நீ ஒரு கட்டைவிரல் படம் போட்டாய், அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டிக்கெட் கிடைக்கலையோ என்னவோ என்று உனக்காக அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆறாம் நாள் சாப்பாட்டைத் தொடவில்லை, சட்டையும் மாட்டவில்லை. மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம் பக்கத்து வீட்டு வேலியோரம் போய் நாலு காஞ்சொறியை வேரோடு பெயர்த்து வந்து நம் பின்சுவரோரம் நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். இன்னும் பாக்கி இருக்குங்க, அதான் அவன் வரலை என்று மறுநாள் காட்டினேன். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! நான் அப்பவே நினைச்சேன் என்று எழுந்து ஓடினார். அந்தக் கை இன்னும் ஆறவில்லை என்று தெரிந்தேதான் செய்தேன். இதுவரை மூன்று முறை நட்டாகிவிட்டது.

வருவதாக இருந்தால் வா. வரமாட்டாய் என்றால் அதை உன் வாயால் அவரிடம் சொல், என் கையால் இனி நடவைக்காதே. குட்டிக்கு என் முத்தம். மூவரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறந்துவிடாதே. நான் நட்டதை மட்டும் வாய் தவறிக்கூட அவரிடம் சொல்லிவிடாதே, அவர் கடைசிப் புதரைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்