பார்த்தவர் கையெழுத்து

அன்புள்ள நண்பருக்கு,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை 10.05 மணிக்கு நம் பாலிடெக்னிக்கின் புதிய ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது, சர்க்கரைப் பாகு அடிப்பிடித்தது போன்ற ஒரு மெல்லிய வாசனை எதிரே வந்தது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக் இழை உருகும் வாசனை. நம் காலத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. இப்போது ஆறு. அவற்றுக்கு மேலே சுவரில் உங்கள் படம், வாடாத சாமந்தி மாலையோடு. நீங்கள் காலமாகிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. மாலையைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் அன்று, பொறாமை. உங்களிடம் இனி அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

நானாக அங்கே போகவில்லை. நம் காலத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்த பெண்மணி இப்போது துறைத்தலைவர். முந்தைய வாரம் வேங்கிக்காலில் என் வீட்டுக்கே வந்து கேட்டார். "கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் போட்டுர்றாங்க சார். தாள்ல வரைஞ்சிருக்கிறதைப் படிக்கச் சொன்னா முழிக்கிறாங்க. செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் நீங்க வந்து எடுங்களேன்."

"அவர் இருந்திருந்தா அவரைத்தானே கேட்டிருப்பீங்க?" என்றேன்.

"ஆமா சார்," என்றார், பொய் சொல்லத் தெரியாமல்.

பணிமனை உங்களுடையது, வரைபடக் கூடம் என்னுடையது. நடுவே ஒரு சுவர். உங்கள் பக்கம் எப்போதும் சிரிப்பு, என் பக்கம் பென்சில் உரசும் சத்தம். தாளின் மூலையில் தேதி எழுத மறந்தவர்களுக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். அதனால் எனக்கு 'தேதி சார்' என்று பெயர் வைத்தவர் நீங்கள். "இன்னா தேதி சார், இன்னிக்காவது சிரிக்கிற தேதியா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்பீர்கள். என் வகுப்பே அடக்க முடியாமல் சிரிக்கும். அன்று முழுவதும் நான் சிரிக்க மாட்டேன்.

அச்சு இயந்திரமும் அதற்கான வரைபட மென்பொருளும் வந்தபோது நம் இருவருக்குமே ஐம்பத்தாறு வயது கடந்திருந்தது. என் கைக்கு இயந்திரம் தேவையில்லை என்று நான் சொல்லிவிட்டேன். நீங்களோ மாணவர்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து, சுட்டியைப் பிடிக்கத் தெரியாமல் திண்டாடி, மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்டீர்கள். அதன் பிறகு என் கூடத்திலிருந்தவர்களும் உங்கள் கணினியைச் சூழ்ந்து நின்றார்கள். நான் வெள்ளைத் தாள்களோடு தனியே இருந்தேன்.

அடி அண்ணாமலை கிராமத்து மாவு மில்காரர் உடைந்த மூடிக் கொக்கியோடு வந்தது அப்போதுதான். அந்த இயந்திரத்துக்கு உதிரிப் பாகம் வருவது நின்றுவிட்டிருந்தது. அளவெடுத்து நான் வரைந்தேன். கணினியில் ஏற்றி அச்சிடுவது உங்கள் பொறுப்பு.

ஒரு பொருளை இடப்பக்கமிருந்து பார்த்தால் தெரியும் தோற்றத்தைத் தாளின் வலப்பக்கம் வரைவதுதான் நாம் காலமெல்லாம் கற்பித்த முறை. அந்த மென்பொருள் பழக்கியதோ வேறு முறை. அதில் வலப்பக்கத் தோற்றமே வலப்பக்கம் நிற்கும். மூன்று மாதம் திரையோடு பழகிய உங்கள் கண், என் தாளையும் அந்த முறையிலேயே படித்துவிட்டது. 2015 பிப்ரவரி 11, புதன்கிழமை, பகல் 12.20 மணிக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். கொக்கி பக்கம் மாறி இருந்தது. முதல் பார்வையிலேயே தெரிந்தது. நீங்கள் பட்டனை அழுத்தினீர்கள். நான் சாப்பிடப் போனேன்.

மறுநாள் மில்லில், இருபது மாணவர்களின் எதிரில், மில்காரர் கொக்கியைப் பொருத்திப் பார்த்துவிட்டு உங்களிடம் நீட்டினார். "இன்னா சார், கொக்கி அந்தாண்டப் பக்கம் இருக்குது. மிஷினைத் திருப்பிப் போட்டு அரைக்கட்டுமா?"

நான் காத்திருந்த நிமிடம் அது. நீங்களோ எல்லோரையும்விட உரக்கச் சிரித்தீர்கள். "மிஷின் கரெக்டா இருக்குதுங்க. என் கண்ணுதான் திரும்பிப் போச்சு. எந்த முறைன்னு தேதி சார் மூலையில குறி போட்டிருக்காரு, நான்தான் பாக்கல." அன்றே மறுபடியும் அச்சிட்டுக் கொடுத்தீர்கள். பிழையான கொக்கியை எறியாமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தீர்கள். அது இன்னும் அங்கே இருக்கிறது. பிழையே இல்லாத என் தாள்களில் ஒன்றுகூட எந்தச் சுவரிலும் இல்லை.

செவ்வாயன்று அந்தப் பெட்டியைக் காட்டித்தான் வகுப்பைத் தொடங்கினேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், இதுக்கு டிராயிங் போட்டது நீங்கதானாமே. அச்சுக்கு முன்னாடி நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை என்று சொன்னால் முடிந்தது. மறுக்க நீங்களும் இல்லை. நிமிர்ந்தால் உங்கள் படம். "பார்த்தேம்மா," என்றேன்.

"அப்புறம் ஏன் சார் சொல்லல?"

"அவரு ஒரு தடவையாவது தப்பு பண்ணட்டும்னு இருந்துச்சு."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். மீதிப் பாடத்தை எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. எத்தனை மணிக்கு முடித்தேன் என்பதும் நினைவில்லை.

மாணவர்கள் கலைந்த பிறகு, பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த துறைத்தலைவர் தடித்த நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நீங்கள் தொடங்கிவைத்த வழக்கமாம்: எதையும் அச்சிடுமுன் இன்னொருவர் திரையைப் பார்த்து, நோட்டில் கையெழுத்திட வேண்டும். "பக்கத்துல நிக்கிறவரைக் கேளு, அப்புறம் பட்டனை அமுக்கு" என்பீர்களாம். முதல் பக்கத்தின் முதல் வரி உங்கள் கையெழுத்தில் இருந்தது: மில் கொக்கி, முதல் அச்சு. அதன் எதிரே 'பார்த்தவர்' என்ற கட்டம் மட்டும் காலி.

"இதை யாரும் நிரப்பக் கூடாதுன்னு சொல்லிட்டாரு சார். இதுக்கு ஆள் இருக்குது, வருவாருன்னாரு. யாருன்னு கேட்டேன், சொல்லல. இன்னிக்குத்தான் புரிஞ்சது."

ஆக, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் நிழல் திரையில் விழுந்திருக்கலாம், நான் போன வேகத்தைப் பார்த்திருக்கலாம். அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் என்னோடு டீ குடித்தீர்கள். என்னிடம் ரகசியம் என்று இருந்தது இது ஒன்றுதான். அதையும் எனக்குத் தெரியாமலே நீங்கள் வைத்துக்கொண்டு, ஒரு நல்ல வழக்கமாக மாற்றிவிட்டீர்கள். இதற்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஆனாலும் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டேன். இனிச் செவ்வாய்தோறும் போவேன். திரையில் பிழையைக் கண்டால் வாய் திறந்து சொல்வேன். பொறாமை என்னோடு இருக்கும், அது என் வயதுக்கு இனிப் போகாது. அந்த வரியில் நீங்கள் 12.2.2015 என்று எழுதியிருக்கிறீர்கள். அச்சிட்டது 11ஆம் தேதி. திருத்தாமல் நோட்டை மூடினேன்.