தாழ்ப்பாள் போடாத பிரார்த்தனை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். தம்பிக்கு அச்சகத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது, எனக்கு மூட்டுவலி வழக்கம்போல, குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. மற்றதை ஃபோனிலேயே சொல்லியிருப்பேன், அம்மா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள், அதனால் எழுதுகிறேன்.

அவள் போகிற பிரார்த்தனைக் கூடம் உனக்குத் தெரியும், இரும்புக் கடைக்கு மேல்மாடி. அங்கே புதிதாக ஒரு வழக்கம் வந்தது. ஜன்னல்களை அடைத்து, கதவைத் தாழிட்டு, சட்டிகளில் கரி மூட்டி அந்தப் புகைக்குள் உட்கார்ந்து வேண்டினால் பாவம் கரையுமாம். இரண்டாவது வாரமே அம்மா மயங்கி விழுந்தாள், கூடவே நம் தெருத் தையற்காரரின் சின்ன மகளும். அம்மா மறுநாள் எழுந்துவிட்டாள், அந்தப் பிள்ளை ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தது. இப்போது இருவருக்கும் ஒன்றுமில்லை, பதறாதே.

இதைச் சட்டம் போட்டுத் தடுக்கலாமா என்று நகரசபையில் கூட்டம் வைத்தார்கள். தடுத்தே ஆகவேண்டும், பக்தி என்ற பேரில் உயிரோடு விளையாடுவதா என்று நான் பேசிவிட்டு உட்கார்ந்தேன். அடுத்து எழுந்தது உன் அம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க வீட்டுக்காரர் சொன்னது பொய் இல்ல. ஆனா நான் தெரிஞ்சுதான் உள்ள போனேன். சாமி முன்னாடி நான் எப்படி உக்காரணும்னு இன்னொருத்தர் சொல்லக்கூடாது" என்றாள். நாலு பேர் கைதட்டினார்கள். தையற்காரர் மட்டும், "உங்களுக்குத் தெரியும்மா, எம் பொண்ணுக்கு என்ன தெரியும்? அவங்கம்மா கையப் புடிச்சுக்கிட்டுப் போனா" என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பி, "பிள்ளைங்களை உள்ள விடக்கூடாதுன்னு எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

நெருப்பு இருக்கிற அறையை அடைக்கக் கூடாது, பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கரியே கூடாது என்று கேட்ட எனக்கும் திருப்தியில்லை, அவளுக்கும் இல்லை. இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. அடுத்த பிரார்த்தனைக்குக் கிளம்பும்போது, "சட்டத்துக்குப் பயந்து இல்ல, உங்க மூஞ்சியப் பாக்கச் சகிக்காமத்தான் கதவோரமா உக்காரப் போறேன்" என்று செருப்பை மாட்டினாள். மனசு கேட்காமல் நானும் போய் இரும்புக் கடை வாசலில் நின்றேன். கதவு திறந்திருந்ததால் அவள் குரல் கீழே கேட்டது. முதலில் தையற்காரர் மகளுக்காகத்தான் வேண்டினாள், அப்புறம்தான் நாமெல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அவளோடு பேசு. யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடு, அதுதான் உனக்கு நல்லது. இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு ஒற்றுமையாக, குறைவில்லாமல் வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அப்பா