எடைக்குப் போன புத்தகம்

2007 அக்டோபர் 9, செவ்வாய்

காலை 7.10. அம்மா எழுதிய புத்தகம், நானூற்று எண்பது பிரதி. பத்துப் பத்தாக நாற்பத்தெட்டுக் கட்டு. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் எண் போட்டது நான். வானம் மூடிக்கிடக்கிறது. ஏற்ற வந்த வெடிக் கம்பெனி வேனில் தார்பாய் இல்லை. நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸின் தார்பாயைக் கொடுத்தேன். திருப்பி வாங்கணும்.

அச்சடித்தது ஐநூறு. மதுரைப் பத்திரிகைக்காரருக்குப் பத்தொன்பது போயிற்று. வீட்டில் ஒன்று. மீதி மொத்தமும் ஒரே ஆளுக்கு. அம்மா பதினேழு வருஷம் பாத்திரம் தேய்த்த வீட்டு அண்ணாச்சி. வெடிக் கம்பெனி முதலாளி. தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு தொழிலாளிக்கு ஆளுக்கொரு புத்தகமாம். கணக்குப்பிள்ளையே வேனோடு வந்தார்.

புத்தகம் அந்த வீட்டைப் பற்றித்தான். மாடி அறையில் வெளியே விடாமல் வைத்திருக்கும் மூத்த மகன். புத்தி சரியில்லை. அவருக்கு மூன்று வேளையும் தட்டு கொண்டுபோனது அம்மா. தலைப்பே ‘மேல்மாடிக்கு ஒரு தட்டு’. யார் பேரும் கிடையாது. பேர் இல்லாவிட்டால் தெரியாதா என்ன. அண்ணாச்சி எப்படி வாங்குகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். “அவுக எங்கலே படிக்கப் போறாக. ஏதோ நமக்கு ஒத்தாசை” என்றாள்.

சித்திரையில் அம்மா வேலையை விட்டு நின்றபோது அந்த வீட்டம்மா சொன்னது இது: “எங்க வீட்டுத் தட்டு கழுவுனவ என்னத்த எழுதிக் கிழிச்சிருவா.” அம்மா அதற்கு அழவில்லை. அந்தம்மா ஒரே ஒரு தடவை படித்தால் போதும் என்றாள். இன்றைக்கு வரை அதையேதான் சொல்கிறாள்.

வேன் பின்னாலேயே தெருமுனை வரை நடந்தாள். தேய்த்த சேலை.

அட்டையில் மஞ்சள் மை அரை மில்லிமீட்டர் விலகி அச்சாகியிருக்கிறது. யாரும் பார்க்க மாட்டார்கள். நான் பார்த்துவிட்டேன்.

அக். 14, ஞாயிறு

மழை. லீவு கிடையாது, காலண்டர் சீசன். இரண்டாம் மிஷினில் உருளை மாற்றணும். முதலாளி அடுத்த மாதம் என்கிறார். அடுத்த மாதம் என்ன மயிருக்கு.

அம்மா அடுத்ததை ஆரம்பித்துவிட்டாள். ஒரு பக்கம் பாழான காலண்டர்த் தாள் கொண்டுவரச் சொல்லி நச்சரிப்பு. முதல் புத்தகமும் அப்படித்தான்: முன்னால் முருகன் படம், பின்னால் அம்மாவின் எழுத்து. பேனா பிடிக்கிற விதம் இன்னும் கரண்டி பிடிக்கிற மாதிரி. இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டியபோது அவளுக்கு முப்பத்தாறு வயது.

எதிர்வீட்டு அக்கா குழாயடியில்: “எழுத்தாளரு வீட்ல இன்னைக்கு என்ன கொழம்பு?” அம்மா: “ரெண்டாம் பதிப்பு. நேத்து வச்சதுதான்.” தெருவே சிரித்தது. நானும்.

அண்ணாச்சியின் ஏழாயிரம்பண்ணை யூனிட்டில் வேலை பார்க்கும் அம்மாவின் சிநேகிதி முத்துலட்சுமிக்குப் படிக்கத் தெரியாது. மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பாளாம். எப்போது கொடுப்பார்கள், போனஸ் அன்றைக்கா, முன்னாலேயா என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்று கத்திவிட்டேன்.

அக். 16, செவ்வாய்

பிரஸ்ஸில் வெட்டி மிஞ்சின கட்டிங் வேஸ்ட் போட, பழைய தாள் எடைக்கு வாங்கும் செல்வம் கடைக்குப் போனேன். மூன்று மூட்டை. தராசுக்குப் பின்னால் நம் பிரஸ் தார்பாய். தூக்கிப் பார்த்தால் கட்டு. மேலே 31. என் கையெழுத்து.

பிரித்த கட்டுகளின் அட்டையை எல்லாம் கிழித்துத் தனியாகப் போட்டிருந்தான். லேமினேஷன் போட்ட அட்டை சுருட்ட ஆகாது. உள்தாளை மிஷினில் பட்டையாக நறுக்கி அடுக்கியிருக்கிறான், வெடிக்குக் குழாய் சுருட்ட. ஒரு பட்டையை எடுத்தேன். ‘தட்டை வாங்கும்போது என்’ என்று இருந்தது. அவ்வளவுதான் அகலம்.

எப்போது வந்தது என்று கேட்டேன். போன செவ்வாய் பத்து மணிக்கே வந்துவிட்டதாம். நம் வாசலிலிருந்து நேரே இங்கே.

“என்ன தம்பி அப்பிடிப் பாக்க? நல்ல கனமான தாளு. குழாய் கிண்ணுனு நிக்கும்.”

தாளைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். அதைச் சொல்லவில்லை. தார்பாயை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டேன். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் எத்தனை கட்டு பாக்கி என்று கேட்டேன். நறுக்காமல் எட்டோ ஒன்பதோ என்றான்.

ராத்திரி தட்டை எடுக்காமல் படுத்துவிட்டேன். அம்மாவிடம் வயிறு சரியில்லை என்றேன். ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தாள்.

அக். 17, புதன்

வெயில். கம்பெனி ஆபீஸ் போனேன். கணக்குப்பிள்ளை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. கத்தவேண்டும் என்றுதான் போனேன். அவர் மெதுவாகப் பேசினார்.

“தம்பி, காசு குடுத்து வாங்குனா அது அவுக பொருள். அம்மன் கோயில்ல வச்சுப் பூசையும் பண்ணலாம், எடைக்கும் போடலாம். தையில அண்ணாச்சி மக கல்யாணம். மாடியில ஒருத்தர் இருக்காருன்னு மாப்பிள்ள வீட்டுக்குத் தெரியாது. வேற எதாச்சும் செஞ்சிருக்கலாம், செய்யல. அத நெனச்சுப் பாருங்க.”

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். பிரிண்டிங் டிப்ளமோவில் இதற்குப் பாடம் இல்லை. இன்னும் ஐநூறு அடித்தால் அதையும் வாங்குவார்கள். பிரஸ்ஸுக்குப் பாதி ஆர்டர் அவர்களிடமிருந்து. இனி என் முதலாளி அடிக்கவும் விடமாட்டார்.

அக். 18, வியாழன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சில், செல்வம் கடை, பட்டை, கல்யாணம் எல்லாம். பக்குவமாகச் சொல்ல எனக்கு வராது.

“எல்லாமா?”

எல்லாம் என்றேன்.

மிச்ச வெங்காயத்தையும் உரித்து முடித்தாள். அரிந்தாள். தாளித்தாள். நான் வாசலுக்கு வந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல்:

“அப்ப அந்தம்மா படிச்சிருக்கு.”

சாப்பிட்டபின் இரண்டாவதாக எழுதிக்கொண்டிருந்த தாள்களை ரப்பர் பேண்டு போட்டு என்னிடம் நீட்டினாள். அடுத்த தடவை வேஸ்ட் போடப் போகும்போது இதையும் சேர்த்துப் போடணுமாம். என் பைக்குள் இருக்கிறது. இருபத்திரண்டு முருகன்.

அக். 19, வெள்ளி

தூறல். உருளை வந்துவிட்டது, அளவு தப்பு.

சாயந்தரம் கணக்குப்பிள்ளை வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. மாடியில் இருப்பவர் நாலு நாளாகச் சாப்பிடவில்லை. அம்மா நின்றபின் வந்த மூன்றாவது புது ஆள் தட்டை வைத்தால் எறிகிறார். அந்த வீட்டம்மா அனுப்பியிருக்கிறது. “ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னாக.” ஒரு எட்டு இல்லை. தினமும் காலையிலிருந்து. இவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, தண்ணியாவது குடிக்கிறாரா என்று. பிறகு நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அவர் போனபின் பேசினேன். என்னவெல்லாமோ. மானம் இல்லையா என்றும் கேட்டேன். நறுக்கினவர்கள் வீட்டில் போய்ப் பாத்திரம் தேய்க்கவா எழுதக் கற்றுக்கொண்டாய் என்றும் கேட்டேன். கொடியிலிருந்து பழைய வேலைச் சேலையை எடுத்து மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“புக்குல என்னலே எழுதியிருந்தேன்? நீதான டைப் அடிச்ச.”

நான் அடித்த வரிதான்: ‘தட்டை வாங்கும்போது என் முகத்தைப் பார்ப்பார், அந்த வீட்டில் அவர் முகத்தைப் பார்க்க வேறு ஆள் இல்லை.’ அவள் தூங்கிவிட்டாள். எப்படித்தான் தூக்கம் வருகிறதோ.

நாளைக்கு:

1. செல்வம் கடை. நறுக்காத கட்டு மிச்சம் இருந்தால் எடை விலைக்கே வாங்கணும்.
2. உருளையைத் திருப்பி அனுப்பணும்.
3. பையில் இருக்கும் தாள்களைப் போடக் கூடாது. போட்டாச்சு என்று சொல்லணும்.
4. வண்டிக்குப் பெட்ரோல்.
5. எல்லாவற்றுக்கும் முன்னால், விடிகாலை 5.30, அம்மாவைக் கொண்டுபோய் விடணும். பின்வாசலில்.