சக்கரத்துக்கு ஒரு கட்டை

போடிமெட்டு,
4.11.2024

அன்பு மனைவி பொன்மணிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். வண்டியும் இப்போது நகராமல் நிற்கிறது. நீ பஸ் ஏறிப் போன பிறகு எத்தனை தரம் கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. தபால்காரர் நீட்டினால் வாங்காமல் இருக்க மாட்டாய் என்றுதான் எழுதுகிறேன்.

டீக்கடை பெருமாள்சாமியும் இன்னும் சிலரும் வடம் கட்டி இழுத்து, நாம் தங்க வீடு மாதிரி நான் அடித்த டிரெய்லரைக் கடைக்குப் பின்னால் சமதரையில் விட்டார்கள். வண்டி உருண்ட வழியில் அந்த மரம் மட்டும் குறுக்கே இல்லாமல் இருந்தால்... வேண்டாம், அதை எழுதவில்லை. பின்பக்கத் தகரம் நசுங்கியிருக்கிறது. நீ தைத்த திரைச்சீலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் கோவில்பட்டியில் பட்டறை வைத்து ஆயுசெல்லாம் டிராக்டர்களுக்கு டிரெய்லர் அடித்துக் கொடுத்தவன். நம் கரிசல் காட்டில் கழற்றிவிட்ட வண்டி விட்ட இடத்தில் கிடக்கும். மழை பெய்திருந்தால் இழுத்தாலும் வராது. சக்கரத்துக்குக் கட்டை வைத்தவனை நான் அங்கே பார்த்ததே இல்லை. அதே ஞாபகத்தில், சரிவில் நிற்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், ஜீப்பிலிருந்து கொக்கியைக் கழற்றிவிட்டேன். நீ உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாய். "அண்ணாச்சி, மலையில கட்டை போடாம வண்டியைக் கழத்துற ஆளை இன்னைக்குத்தான் பார்க்குறேன்" என்கிறார் பெருமாள்சாமி.

காலையில் பள்ளம் முழுக்க மேகம் நிறைந்து கிடக்கிறது, பால் பொங்கி நிற்கிற மாதிரி. மகள் கல்யாணம் முடிந்ததும் மலை பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னவன் நான். தனியாகப் பார்க்கப் பிடிக்கவில்லை. வந்துவிடு, சேர்ந்தே மூணாறு போவோம்.

உன்
வேதமுத்து


கோவில்பட்டி,
8.11.2024

பாசமுள்ள அத்தானுக்கு, பொன்மணி எழுதுவது.

போனை எடுக்காததற்குக் கோபம் காரணமில்லை. உங்கள் குரலைக் கேட்டால் அன்றைக்கு வண்டி உருண்ட சத்தமும் கூடவே வருகிறது. முதலில் கரண்டி விழுந்தது. நீங்கள்தான் வெளியே ஏதோ தட்டுகிறீர்கள் என்று, "என்ன அத்தான், வண்டியப் போட்டு ஆட்டுதிய?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அப்புறம் திறந்த கதவு வழியாக நீங்கள் தெரிந்தீர்கள். ஓடி வருகிறீர்கள், ஆனால் தூரமாகிக்கொண்டே போகிறீர்கள். வாயைத் திறந்து கத்துகிறீர்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த முகம் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

இங்கே வந்து படுத்தால் கட்டிலும் நகர்கிறது. முந்தாநாள் கட்டில் கால்களுக்குச் செங்கல் அண்டை கொடுத்துவிட்டுப் படுத்தேன். சிரிக்காதீர்கள். பக்கத்து வீட்டு சந்தனமாரி, "யக்கா, தரையில கெடக்குற கட்டிலு எங்கன போவும்?" என்று கேலி பேசுகிறாள். அவளை அந்த டிரெய்லருக்குள் ஒரு நிமிஷம் உட்கார்த்தி வைக்க வேண்டும்.

மூணாறும் வேண்டாம், மேகமும் வேண்டாம். ஏறும்போது டிரெய்லரை ஜீப் இழுத்தது. இறங்கும்போது ஜீப்பை டிரெய்லர் அல்லவா தள்ளும்? அதற்கு பிரேக் கிடையாது. பதினேழு கொண்டை ஊசி வளைவு. வாயில் ஜெபமும் விரலில் கணக்குமாக எண்ணிக்கொண்டு வந்தவள் நான். டிரெய்லரை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு, ஜீப்பில் மட்டும் இறங்கி வாருங்கள். உங்கள் உயிரைவிட அந்தத் தகரம் பெரிதில்லை.

இங்கே நல்ல மழை. செருப்பில் மண் அப்பி நடக்க முடியவில்லை. அங்கேயும் பெய்யுமே.

உங்கள்
பொன்மணி


போடிமெட்டு,
12.11.2024

அன்பு பொன்மணிக்கு,

கட்டிலுக்குச் செங்கல் வைத்ததற்கு நான் சிரிக்கவில்லை. இங்கே சமதரையில் நிற்கும் டிரெய்லருக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, படுக்குமுன் ஒவ்வொன்றையும் உதைத்துப் பார்க்கிறவன் நான்.

ஏலத்தோட்டக்காரர் ஒருவர் டிரெய்லரைக் கேட்கத்தான் செய்கிறார், கோழி அடைக்க. அடுப்பு மேடையை உன் உயரத்துக்கு அளந்து வைத்தேனே பொன்மணி. கோழிக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

போடியில் சாமான் வாங்கி, பிரேக் ஒன்று செய்து மாட்டிவிட்டேன். சக்கரத்தைப் பிடிக்கிறது. ஆனால் அதன் கம்பி டிரெய்லருக்குள்தான் இருக்கிறது. இழுத்துப் பிடிக்க உள்ளே ஒரு ஆள் வேண்டும். இங்கே ஒருத்தரும் வர மாட்டேன் என்கிறார்கள். உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் பண்ணிவிட்டு, தனியாகவே புறப்பட்டேன். முதல் வளைவிலேயே பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்துத் தள்ளுவது போல இருந்தது. பிரேக்கில் வைத்த கால் வெடவெடவென்று ஆடியது. எப்படியோ நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பின்னால் பஸ்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், எனக்குக் கையை எடுக்க வரவில்லை. பெருமாள்சாமிதான் ஓடி வந்து கல் போட்டு, "இறங்குங்க அண்ணாச்சி, நான் பிடிச்சுக்கிடுறேன்" என்று குழந்தையை இறக்குவது போல இறக்கினார். பிறகு நாலு பேராகச் சேர்ந்து மேலே இழுத்தார்கள். இந்த வயதில் இப்படிப் பயப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

மழை விடாமல் பெய்கிறது. கடைக்குப் பின்னால் மண் சரியத் தொடங்கிவிட்டது. வண்டியை எடுத்துவிடச் சொல்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை காலை முதல் கியரில் மெல்ல இறக்கிவிடலாம் என்று இருக்கிறேன். எனக்காக ஜெபம் பண்ணு.

உன்
வேதமுத்து


தேனி பஸ் நிலையம்,
17.11.2024

அத்தானுக்கு,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை இல்லை. நேற்று உங்கள் கடிதம் வந்ததும் நானே கூப்பிட்டேன். உங்கள் போன் அணைந்து கிடக்கிறது. மழையில் அங்கே கரண்ட் இல்லையோ என்னவோ. ஆராதனைக்குக்கூடப் போகாமல் கிளம்பிவிட்டேன். நேரில் வருகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்பீர்கள். உங்களைப் பார்த்தால் அழுகைதான் வரும், பேச்சு வராது. இதைக் கையில் கொடுத்துவிடுவேன்.

பையைத் தூக்கிப் பார்த்த சந்தனமாரி, "என்னக்கா, கல்லையா கட்டிக்கிட்டுப் போறிய?" என்றாள். நம் பட்டறையில் கிடந்த உடைமரத்தை அறுத்து, சக்கரத்துக்குக் கட்டை செய்து எடுத்து வருகிறேன். பஸ்ஸில் வைக்க இடமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

என் பயம் தெளிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எழுத்து கோணிக்கொண்டு போவதைப் பார்த்தாலே தெரியும். ஆனால் நீங்கள் எந்த வளைவில் இருக்கிறீர்களோ என்று வீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பது இதைவிடப் பெரிய பயம். அதை என்னால் தாங்க முடியாது.

உள்ளே உட்கார்ந்து பிரேக்கை நான் பிடிக்கிறேன். எதிர்த்துப் பேச வேண்டாம். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்துங்கள். நான் இறங்கிக் கட்டை போடுவேன். நீங்கள் தண்ணீர் குடித்து, கால் ஆட்டம் நின்ற பிறகுதான் அடுத்தது. பொழுது சாய்ந்தாலும் சாயட்டும். முதல் வளைவிலேயே கால் ஆடினால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், கோழிக்காரரைக் கூப்பிடுவோம்.

எனக்காக ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். டிரெய்லரின் முன்பக்கத் தகரத்தில், நான் உட்கார்ந்தால் என் கண்ணுக்கு நேராக ஒரு ஜன்னல் வெட்டுங்கள். அடுப்பு மேடைக்கு அளந்தவருக்கு இதுவும் தெரியும். இறங்கி முடிகிற வரைக்கும் உங்கள் முதுகு எனக்குத் தெரிய வேண்டும். அன்றைக்குப் போலத் தூரமாகாமல், நீங்கள் அதே இடத்தில் இருப்பதை நான் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

போடி பஸ் வந்துவிட்டது. நான் வந்து சேரும்வரை கொக்கியில் கை வைக்காதீர்கள்.

பொன்மணி