பன்னிரண்டு ராத்தல்

தென்காசி,
விஷு வருடம், மார்கழி 5.

வடகரையில் இருக்கும் என் மகள் வடிவம்மாளுக்கு, சைக்கிள் கடை சொரிமுத்து எழுதியது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுத வரவில்லை. அங்கே உன் உடம்புக்கும் மாமியார் உடம்புக்கும் குறைவில்லாமல் இருக்க உலகம்மன் காக்க வேண்டும்.

நீ இந்த வீட்டு வாசலை மிதித்து ஐந்து வருடம் ஆகிறது. உன் அம்மா கண்ணில் சதை வளர்ந்து படுத்திருந்தபோதுகூட நீ வரவில்லை. போன வெள்ளிக்கிழமை யாக்கூப் வடகரைக்கு வந்தபோது அவனிடம் மட்டும் பேசியிருக்கிறாய். பெற்றவனோடு இல்லாத பேச்சு, என் கடையில் ரிம் கோட்டம் எடுக்கிறவனோடு இருக்கிறது. அவனைக் கண்டித்தேன். அவனோ கையைத் துடைத்துக்கொண்டு, “பிள்ள கேட்டுது, சொன்னேன் அண்ணாச்சி. அஞ்சு வருசமா கேக்காம இருந்துச்சே, அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் பழையபடி வேலையைப் பார்த்தான்.

வாயால் சொன்னால் போதாது, அப்பா எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நீ சொல்லிவிட்டாயாம். எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. கடைக்கு வந்த பழைய பத்திரிகைகளில் இருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று. சைக்கிள் பயணத்துக்கு நான் போட்ட சட்டம் தவறல்ல. பம்பாய்க்காரர்கள் சிலர் சைக்கிளிலேயே உலகத்தைச் சுற்றினார்கள் என்று பத்திரிகையில் படித்துவிட்டு, நாம் டில்லி வரையாவது போவோம் என்று நான்தான் உன் புருஷன் தளவாயையும் யாக்கூப்பையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். மிதித்து ஏறுகிறவனுக்கு ஒவ்வொரு ராத்தலும் எதிரி. ஆளுக்கு மூட்டை எடை பன்னிரண்டு ராத்தல், அதற்கு மேல் ஒரு ஊசிகூடக் கூடாது என்றேன். சோப்பைப் பாதியாக வெட்டினேன். சமைக்கவும் குடிக்கவும் ஒரே செம்பு. கரண்டிக் காம்பை அறுத்தேன். என் துண்டையே நடுவில் கிழித்துப் பாதியை வீட்டில் போட்டேன். இரண்டு சைக்கிளை எதிரெதிரே முட்டுக்கொடுத்து மேலே வேட்டியைக் கட்டினால் அதுதான் கூடாரம். அந்தச் சட்டத்தால்தான் முப்பத்து மூன்று நாளில் நாக்பூர் தாண்டினோம். இதை எவன் வந்து கேட்டாலும் சொல்லுவேன்.

இனி கம்பளி. மூட்டைகளைக் கடைத் தராசில் நிறுத்து முடித்த பிறகு நீ அதைக் கொண்டுவந்து தளவாயின் கேரியரில் கட்டினாய். வழியனுப்ப வந்த கூட்டம் கோயில் வாசலில் நின்றதால் நான் அதை அவிழ்க்கச் சொல்லவில்லை. முதல் நாள் சிவகிரிக் கண்மாய்க் கரையில் தங்கினோம். விடிந்ததும் உன் புருஷன் குளிக்கப் போனான். நான் கம்பளியைக் கையில் தூக்கிப் பார்த்தேன். நாலு ராத்தல் என்று என் கை சொன்னது. தென்காசிக்கு நெல் ஏற்றிப் போன வண்டிக்காரனிடம் கொடுத்து, சைக்கிள் கடையில் சேர்த்துவிடு என்று அனுப்பிவிட்டேன். யாக்கூப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தளவாய் திருப்பி அனுப்பவில்லை. நான் அனுப்பினேன். நீ கேட்டது இதைத்தானே? எழுதிவிட்டேன்.

அன்று மூட்டைகளை நானே கட்டினேன். சாயங்காலம் திருமங்கலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு புளியந்தோப்பில் இறங்கி மூட்டையை அவிழ்த்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. “மாமா, வடிவு கட்டிவிட்டது எங்க?” என்றான். குற்றாலத்துச் சாரலில் நனைந்து வளர்ந்த பயலுக்குக் கம்பளி எதற்கு மாப்பிள்ளை, மழை நமக்குப் புதுசா என்று நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. “பாரம்னாலும் என் காலுக்குத்தான பாரம்?” என்றான். அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கடைசி நாள் வரை எடுக்கவில்லை.

நாக்பூருக்கு வடக்கே, தேக்கங்காட்டில், மார்கழிக் கடைசியில் மழை பிடித்தது. நம் ஊர்ச் சாரல் மேலே பட்டால் பசி எடுக்கும். அந்த மழை அப்படி இல்லை. பகல் முழுவதும் ஐஸ் தண்ணீராக விழுந்தது. வேட்டிக் கூடாரம் அரை மணியில் ஒழுகியது. சிவனி என்ற ஊருக்குத் தளவாயை நடத்திக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவனுக்குப் பல் கிட்டிவிட்டது. யாக்கூப் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினான். நான் என் துண்டைப் போர்த்தினேன். அது பாதித் துண்டு. நெஞ்சை மூடினால் தோள் மூடவில்லை. நாலாம் நாள் முற்பகலில் போய்விட்டான். அதே மழையில் நானும் நனைந்தேன், யாக்கூப்பும் நனைந்தான், நாங்கள் சாகவில்லையே என்று உன் மாமியாரிடம் அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

ஆனால் ரயிலில் திரும்பி வந்து நின்றபோது, கம்பளி மட்டும் எப்படித் தனியாக வீடு வந்தது என்று உன் மாமியார் பார்வதியம்மாள் கேட்டாள். பாரம் என்று அவனே அனுப்பிவிட்டான் என்றேன். அது பொய். மாப்பிள்ளையைச் சாகக் கொடுத்தவன் என்ற பேர் எனக்கு வந்துவிடுமே என்றுதான் சொன்னேன். அவள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, “நீ குடுத்ததையே வேண்டாம்னு போட்டுட்டுப் போனவம்லா, அவனுக்கு எதுக்குட்டி அழுத?” என்று உன்னைக் குத்துகிறாள் என யாக்கூப் சொன்னான். ஐந்து வருடமாக அந்த வீட்டில் நீ கேட்டுக்கொண்டிருந்தது தளவாய் வார்த்தை இல்லை, என் வார்த்தை. இந்தக் கடிதத்தை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டு. எந்த வரியையும் விட வேண்டாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதாமல் விட்டால் உனக்குத் தெரியப்போவதில்லை. இன்று காலை உன் அம்மா பெட்டியிலிருந்து கம்பளியை எடுத்துக் கொடுத்தாள். முதல் தடவையாக அதைத் தராசில் வைத்தேன். இரண்டே முக்கால் ராத்தல். மூன்று தடவை நிறுத்தேன். அன்றைக்குச் சிவகிரிக் கரையில் கொட்டிய பனியை அது குடித்திருக்கிறது. என் கை அதையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறது. தளவாயின் மூட்டை ஒன்பது ராத்தல். நான் நிறுத்ததுதான். கம்பளியையும் சேர்த்தால் பன்னிரண்டுக்குக் கால் ராத்தல் குறைவு. சட்டத்துக்கு உள்ளேதான் இருந்திருக்கிறது.

அதை யாக்கூப் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் அம்மா வேப்பிலை போட்டு வைத்திருந்ததால் பூச்சி அரிக்கவில்லை. தளவாய் திதி வருகிற இருபத்தெட்டாம் தேதி. நான் அங்கே வரலாமா என்று கேட்கவில்லை. அம்மாவை மட்டும் வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன், அவளோடு பேசு.

வடகரைப் பக்கம் மலைக்காற்று அதிகம். நீயாவது போர்த்திக்கொள், தாயி. நன்றாக இரு.

உன் அப்பா,
சொரிமுத்து (கையெழுத்து என்னுடையதே)