ஹரோ இல்லாத நாலு நாள்

கொக்குவில்
4.3.2025

என் அன்புச் சிவனேசுக்கு,

நலம். உன் நலமும் மகள் கம்சிகாவின் நலமும் அறிய ஆவல். போன் எடுத்தால் நீயே முழுக்கக் கதைத்து முடித்துவிடுவாய், எனக்கு முறை வராது. அதனால்தான் பழையபடி தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். நீயும் கையால்தான் எழுத வேண்டும். தட்டி அனுப்பும் எழுத்தில் உன்னைத் தெரியாது.

விசா கிடைத்துவிட்டது. மே மாதம் கனடாவுக்கு மகனிடம் போகிற வழியில் லண்டனில் நாலு நாள் இறங்குகிறேன். முப்பத்திரண்டு வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். பூச்சியப் பாகை நெடுங்கோடு கிரீன்விச்சில்தான் போகிறது என்று எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கீறிக் காட்டியிருப்பேன். அந்தக் கோட்டில் ஒரு தரமாவது கால் வைக்காமல் சாகக்கூடாது. எங்கே போவது, எப்படிப் போவது எல்லாம் நீயே போட்டுத் தா.

எனக்கு வேறு இரண்டு ஆசைதான். ஒன்று, உன் குசினியில் இருந்து நீ சமைத்ததைச் சாப்பிட வேண்டும். மற்றது கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அண்ணையின் படம். தொண்ணூற்றாறில் வாசு அண்ணையைச் சோதனைச் சாவடியில் இறக்கிக்கொண்டு போன அடுத்த மாதம், இங்கே முறையிடப் பயந்து, காணாமல் போனவர்களைத் தேடும் லண்டன் ஆட்களிடம் கொடுக்கச் சொல்லி உனக்கு அனுப்பினேனே, அந்தப் படம். ஸ்ரூடியோவில் அவர் கதிரையில் இருக்க, தோளில் கை வைத்துக்கொண்டு நான் நிற்பேன். இடம்பெயர்வில் மற்றப் படமெல்லாம் போய் மிஞ்சியது அது ஒன்றுதான். அவர்களிடம் காட்டிவிட்டு வாங்கி வைத்திருந்தாய் என்றும், டூட்டிங்கிலிருந்து ஹரோவுக்கு வீடு மாறும்போது தவறிவிட்டது என்றும் எழுதியிருந்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் போன தையில் அம்மா கண் மூடும்வரை, பிள்ளையின் முகம் மறந்து போச்சு என்றுதான் அழுதா. பழைய பெட்டிகளை இன்னொரு தரம் கிளறிப் பார்.

அம்மாவின் பிடிவாதம் உனக்குத் தெரியும். அயலவர்கள் அண்ணைக்குத் திவசம் கொடுக்கச் சொல்லும்போதெல்லாம், "அவன் செத்ததெண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவா. கடைசிவரை கொடுக்கவேயில்லை.

என்றும் அன்புடன்,
வதனா

*

ஹரோ, லண்டன்
9.3.2025

பிரியமுள்ள ரீச்சர் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை பஸ்ஸிலேயே வாசித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். மே 10 முதல் 13 வரை உனக்கு ஒரு நிமிடம்கூட வீண் போகாதபடி திட்டம் போட்டுவிட்டேன்.

உன்னை லூயிஷாமில், சிவன் கோவிலுக்குக் கிட்ட, இவரின் ஒன்றுவிட்ட தங்கை சிவரூபினி வீட்டில் தங்க வைக்கிறேன். இவர் போன பிறகும் அவ என்னைக் கைவிடவில்லை, நல்ல மனுசி. முதல் நாள் சனி. பழைய கோட்டையைப் பார்த்து, பாலத்தில் நடந்து, படகில் வெஸ்ட்மினிஸ்ரர் போகிறோம். கோட்டையில் மகாராணிகளின் முடி இருக்கிறது, எங்களிடமிருந்து போன கல்லும் அதிலே இருக்கும் என்று நீ வாய் திறந்து சத்தம் போடக்கூடாது. ஞாயிறு உன் கிரீன்விச். லூயிஷாமிலிருந்து குட்டி ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது, அதற்குத்தான் உனக்கு அந்த வீடு. மேட்டில் ஏற வேண்டும், முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு வா. திங்கள் மியூசியம், பிறகு சென்ற் போல்ஸ் தேவாலயம். செவ்வாய் காலை எனக்கு ஷிப்ட், நீ ஆறுதலாகப் படு. பின்னேரம் டூட்டிங்கில் கொத்துரொட்டி.

சப்பாத்து நல்லதாகக் கொண்டு வா. மே மாதம் என்று நம்பாதே, ஒரு சுவெற்றரும் வை.

பெட்டிகள் எல்லாம் பார்த்துவிட்டேன் வதனா. படம் இல்லை. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
சிவனேஸ்வரி

*

கொக்குவில்
17.3.2025

அன்புள்ள சிவனேசுக்கு,

திட்டம் கிடைத்தது. உலகப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று தரம் வாசித்தேன். தேம்ஸ் எந்தப் பக்கம் வளைகிறது என்று படகோட்டிக்கே சொல்லிக் கொடுப்பேன், பார்.

ஒன்றுதான் விளங்கவில்லை. கோட்டை இருக்கிறது, கோவில் இருக்கிறது, கொத்துரொட்டிகூட இருக்கிறது. ஹரோ எங்கே? அரண்மனை பார்க்கவா நான் இவ்வளவு தூரம் வருகிறேன்? உன் வீட்டுக்கு என்று முப்பது வருடமாகக் கடித உறையில் விலாசம் எழுதிய கை இது. அந்த வாசலைக் காட்டாமல் அனுப்பிவிடாதே. பனம்பழப் பினாட்டும் ஒடியல்மாவும், உனக்கென்று இடித்த மிளகாய்த்தூளும் கொண்டு வருகிறேன். அது வேறொருத்தியின் குசினிக்குப் போகக்கூடாது.

கோபமில்லை. கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

வதனா

*

ஹரோ
2.4.2025

என் வதனாவுக்கு,

உடனே பொங்கிவிடாதே. வீட்டில் மேல்மாடி திருத்த வேலை நடக்கிறது. எங்கே பார்த்தாலும் தூசும் பலகையும். கவுன்சில் ஆட்கள் வேறு வந்து வந்து போகிறார்கள். உன்னை இந்த அலங்கோலத்தில் இருத்த எனக்கு மனம் வரவில்லை. கம்சிகாவுக்கும் ஓயாத வேலை. லூயிஷாமிலிருந்து ஹரோ வந்து போக மூன்று மணித்தியாலம், அதற்குள் ஒரு மியூசியம் பார்த்துவிடலாம். சாமான்களை சிவரூபினி வீட்டில் வைத்துவிடு, நான் பிறகு போய் எடுப்பேன்.

அடுத்த முறை வரும்போது ஒரு மாதம் என்னோடுதான்.

உன்,
சிவனேசு

*

ஸ்காபரோ, கனடா
19.5.2025

சிவனேஸ்வரிக்கு,

செவ்வாய் பின்னேரம் டூட்டிங்குக்கு நான் வராததிலிருந்து நீ பதினொரு தரம் போன் எடுத்தாய். நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீயே கதைப்பாய்.

முதல் மூன்று நாளும் நான் பொய்யாகச் சிரிக்கவில்லை. கிரீன்விச்சில் கோட்டின் அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் நானும் நின்று கை பிடித்தபோது, பள்ளிக்கூடத்தில் இருந்த அதே சிவனேசு என்றுதான் நினைத்தேன். அதை உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு சொல்ல நல்லதாக ஒன்றுமில்லை.

செவ்வாய் காலை படுக்க மனம் வரவில்லை. பினாட்டுப் பையும் விலாசமும் கையில் இருக்கின்றன, ரயில் படம் வாசிக்கத் தெரியாதவளும் இல்லை. லண்டன் பிரிட்ஜ் வந்து ஜூபிலி லைன் எடுத்து, வெம்ப்ளி பார்க்கில் மெட்ரோபொலிட்டன் லைனுக்கு மாறினேன். நீ ஷிப்டில் இருப்பாய் என்று தெரியும். தூசுக்குள்ளேயாவது சாமானை வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தேன்.

கம்சிகா கதவைத் திறந்தாள். வீட்டிலிருந்து வேலை செய்கிறாளாம். தூசுமில்லை, பலகையுமில்லை. நான் ஆர் என்று சொன்னதும் கட்டிப்பிடித்தாள். நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறாய்.

ஹோலுக்குள் வந்தால், சுவரில் அண்ணை.

சந்தனப் பொட்டும், மாலையும், கீழே மின்சார விளக்குமாக. சோபாவில் இருந்து அவரையே பார்த்தேன். பிள்ளை தேத்தண்ணி கொண்டு வந்து, நான் பார்ப்பதைக் கண்டு தானே சொன்னாள். "அன்ரி, இவர் என்ர மாமா. அம்மான்ர அண்ணை. நைன்ரி சிக்ஸ்ல பிடிச்சுக்கொண்டு போனவங்கள். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும் என்ன?"

ஓம் என்றேன். அவரைப் பற்றி அம்மா என்ன சொல்லியிருக்கிறா என்று கேட்டேன். ஒழுங்கை முடக்கில் இரண்டு தரம் சைக்கிள் மணி அடிப்பாராம், அதைக் கேட்டு வீட்டில் கேத்திலை அடுப்பில் வைப்பார்களாம். மழைக்கு சேட்டைக் கழற்றிப் புத்தகத்தைச் சுற்றுவாராம். எல்லாம் நான் உனக்கு அழுதழுது எழுதியது. என் கடிதத்தை உன் மகள் எனக்கு ஒப்புவித்தாள். கூடப்பிறந்தவர் ஒருவரும் இல்லாமல் தனிப் பிள்ளையாகப் பிறந்தவள் நீ. உனக்கு ஏது அண்ணை?

ஒவ்வொரு ஆடியிலும் அவருக்குத் திவசமாம். ஐயர் வந்து செய்கிறாராம். என் தாய் இருபத்தெட்டு வருடம் செய்ய மறுத்ததை நீ வருடா வருடம் செய்து, வடை பாயாசத்தோடு சாப்பிட்டிருக்கிறாய்.

படத்தில் பாதியைக் காணவில்லை. என்னை வெட்டிவிட்டாய். ஆனால் கத்தரிக்கோல் அவரின் தோளுக்குப் போகப் பயந்திருக்கிறது. என் நாலு விரல்கள் அங்கேயே இருக்கின்றன. "இது ஆற்ற கை?" என்று கேட்டேன். "அம்மான்ர" என்றாள்.

அவர் என் அண்ணை என்று அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லவில்லை. எழும்பிப் போய் மாலையைக் கழற்றினேன், முந்தானையால் பொட்டைத் துடைத்தேன். அவள் திகைத்துப்போய் ஏன் அன்ரி என்று கேட்டாள். அம்மா கேட்டதைத்தான் நானும் கேட்டேன்: "அவர் செத்ததெண்டு ஆர் சொன்னது பிள்ளை?"

ஊரிலுள்ள ஆமிக்காரனை நான் முப்பது வருடம் திட்டினேன். அவன் கொண்டு போனது அண்ணையை. நீ கொண்டு போனது மிச்சத்தை. எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அந்தப் படத்தை நான் சொன்ன ஆட்களிடம் காட்டினாயா?

சந்திரவதனா

*

ஹரோ
24.5.2025

என் வதனாவுக்கு,

உன்னை அப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை.

காட்டவில்லை. இனிப் பொய் எழுத மாட்டேன்.

வந்த புதிதில் டூட்டிங்கில் ஒரு அறைக்குள் ஆறு பேர் இருந்தோம். என் அகதிக் கேஸ் ஒரு தரம் தள்ளுபடியாகிவிட்டது. லோயரின் மொழிபெயர்ப்பாளர் கேட்டார், "உங்கட குடும்பத்தில ஆரையும் பிடிச்சவங்களோ?" என்று. உன் கடிதமும் படமும் அன்றுதான் வந்து, என் கைப்பைக்குள் இருந்தன. ஓம் என்றேன். அந்த ஒரு சொல்தான் வதனா. பிறகு பெயர் கேட்டார், தேதி கேட்டார், படம் கேட்டார். எல்லாம் கைப்பைக்குள் இருந்தது.

அதே படத்தை உன் அண்ணை என்று இன்னொரு இடத்தில் கொடுத்தால் என் கேஸ் விழுந்துவிடும், பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அதனால் எங்கேயும் அவருடைய பெயரைப் பதியவில்லை. உங்கள் அம்மா தபால்காரனைப் பார்த்திருந்த ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரியும். நீ எழுதுவாயே.

கம்சிகா எட்டு வயதில் கேஸ் பைலுக்குள் படத்தைக் கண்டெடுத்தாள். பைலில் இருந்ததையே சொன்னேன். கலியாணம் கட்டியபோது இவருக்கும் அதையேதான் சொல்லியிருந்தேன். பிள்ளை, மாமாவுக்கு ஏன் பூ வைக்கவில்லை என்று கேட்டு அழுதாள். அப்படித்தான் மாலை வந்தது. உன்னை இந்த வீட்டுக்குள் விடக்கூடாது என்றுதான் அந்த நாலு நாள் திட்டத்தையும் அவ்வளவு கவனமாகப் போட்டேன். படத்தை இரண்டு கிழமை கழற்றி வைத்திருக்கலாம். பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

சின்னனில் உன்னையும் என்னையும் ஒரே சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டு போனவர். எனக்கும் அவர் அண்ணைதானே வதனா? நான் முழுதாகக் களவெடுக்கவில்லை என்று ஒரு சொல் எழுது.

படத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மற்றப் பாதி என்னிடம் இல்லை.

சிவனேசு

*

ஸ்காபரோ
9.6.2025

சிவனேஸ்வரிக்கு,

படம் கிடைத்தது. கண்ணாடியில் மாலை தொங்கிய தடம் இருந்தது, கழுவிவிட்டேன். அம்மாதான் பார்க்க இல்லை.

நீ கேட்ட சொல்லை என்னால் எழுத ஏலாது. அவர் உனக்கும் அண்ணையாக இருந்திருந்தால், நீயும் அவரைத் தேடியிருப்பாய். நீ அவரைக் கொன்று, அதை வைத்துக் குடியிருந்தாய்.

பயப்படாதே. உன் கேஸை நான் கலைக்க மாட்டேன். பயத்தில் சொன்ன ஒரு ஓமை நான் மன்னித்திருப்பேன், அடுத்த நாளே எனக்கு எழுதியிருந்தால். கம்சிகாவுக்குச் சொல்வதும் விடுவதும் உன் பாடு. அந்தப் பிள்ளை அவருக்காக உண்மையாகவே அழுதிருக்கிறாள், அதை நான் பறிக்கப் போவதில்லை.

இது என் கடைசிக் கடிதம். நான் எழுதுவதெல்லாம் உன்னுடையதாகிவிடுகிறது.

இங்கே காணாமல் போனவர்களின் விபரம் திரட்டும் இடம் ஒன்றிருக்கிறது என்று மகன் அறிந்து வந்தார். நேற்றுப் போய் அண்ணையின் பெயரைப் பதிந்தேன். இருபத்தொன்பது வருடத்தில் இதுதான் முதல் பதிவு என்று அங்கே வேலை செய்யும் பெட்டை பார்த்துச் சொன்னாள். படத்தையும் காட்டினேன், தோளில் இருப்பது ஆரின் கை என்று கேட்டாள். என் கையை மேசையில் வைத்தேன். பாரத்தின் கடைசியில் உறவுமுறை என்று ஒரு இடம் விட்டிருந்தார்கள். அங்கே எழுதியதையே இங்கேயும் எழுதி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
வாசுதேவனின் தங்கை,
சந்திரவதனா